80 மணி நேரமும் 20 கிலோ அரிசியும்

சம்பா அறுப்பு முடிஞ்சு கையில கொஞ்சம் நேரம் கெடச்சிருக்கு போல, இந்த தடவ கடுதாசியும் வாட்ஸ்அப்பும் குமிஞ்சு போச்சு. பாதிக்கு மேல சோறு, கூலி, கார்டு பத்தின கேள்விங்கதான். நான் திருவாரூர் பக்கம் ஒரு சொசைட்டி ரேஷன் கடையில 20 வருஷத்துக்கு மேல பில் போட்டவன்ங்கறதால இதையெல்லாம் எங்கிட்டதான் கேக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க, சரி, தெரிஞ்சதைச் சொல்றேன்.

பேர் போட வேணாம்னு சொன்ன அக்கா, பாபநாசம்: எங்க அண்ணன் அமெரிக்கா போயி 30 வருஷம் ஆவுது, அந்த ஊர் குடியுரிமையும் வாங்கிடுச்சு. ஊர்ல எல்லாரும் டாலர்ல பொரளுதுன்னு நெனக்கிறாங்க. நெசத்துல ஒரு மோட்டல்ல ராத்திரி டூட்டி பாக்குது, இப்ப அதுவும் வாரத்துல ரெண்டு நாள்தான் குடுக்குறாங்களாம். அண்ணிக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வௌங்கல. அரசாங்கம் குடுக்குற சாப்பாட்டு கார்டை வச்சுத்தான் மளிகை வாங்குதுன்னு போன மாசம்தான் எங்கிட்டயே சொல்லிச்சு, அழுவாத கொறை. இப்ப மாசம் 80 மணி நேரம் வேலை பாத்ததா காட்டலேன்னா கார்டு நின்னுடும்னு லெட்டர் வந்திருக்காம். அண்ணனுக்கு 58 வயசு. இது நெசமா, இல்ல யாராவது ஏமாத்துறாங்களா?

லெட்டர் நெசமாத்தான் இருக்கும் அக்கா. ஆனா பயப்பட வேண்டிய அளவுக்கு இல்ல, கடைசி வரைக்கும் படிங்க.

மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் கெடையாது. அந்த நாட்டுல கிட்டத்தட்ட 4 கோடி பேர் அந்தக் கார்டைத் தேய்ச்சுத்தான் சாமான் வாங்குறாங்க. ஃபுட் ஸ்டாம்ப்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க, 2008ல ஸ்நாப்னு பேரை மாத்திட்டாங்க. மாசாமாசம் கார்டுல பணம் ஏறும், அரிசி காய் பால் முட்டை கறின்னு வாங்கிக்கலாம், சோப்பு வாங்க முடியாது, சாராயம் சிகரெட் முடியாது, சுடச்சுட கட்டிக் குடுக்குற சாப்பாடு கூட பொதுவா முடியாது. ஒத்த ஆளுக்கு அதிகபட்சமே 2025 செப்டம்பர் வரைக்கும் மாசம் 292 டாலர்தான் இருந்துச்சு, நம்ம ரூபாய்க்கு மாத்திப் பாத்தா மலைப்பா இருக்கும், அந்த ஊர் வெலவாசிக்கு அது ஒரு நாளைக்கு 10 டாலர் கூட வரல.

இந்த 80 மணி நேர விதி புதுசு இல்ல, 1996ல வந்தது. 18லேருந்து 49 வயசு வரைக்கும், உடம்பு நல்லா இருக்கு, கூட கொழந்தைங்க இல்லன்னா, மாசம் 80 மணி நேரம் வேலையோ ட்ரெயினிங்கோ காட்டணும், காட்டலேன்னா மூணு வருஷத்துல மொத்தமே 3 மாசம்தான் கார்டு ஓடும். 2023ல அந்த வயசை 54க்கு ஏத்துனாங்க. 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான பெரிய சட்டத்துல 64 வரைக்கும் இழுத்துட்டாங்க, பிள்ளைங்க இருந்தாலும் கடைசிப் பிள்ளைக்கு 14 வயசு ஆயிட்டா அப்பா அம்மாவும் இதுக்குள்ள வந்துடுவாங்க. உங்க அண்ணன் 58ல மாட்டுனது இப்படித்தான், பழைய சட்டமே இருந்திருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். உடம்பு முடியாத ஒருத்தரைப் பாத்துக்குற பொறுப்பு யாருக்கு இருக்கோ அவங்களுக்கு இந்த 80 மணி நேரக் கணக்கே கெடையாது. அண்ணிக்கு ஒரு பக்கம் வௌங்கலன்னு எழுதிருக்கீங்க, அண்ணன்தான் பாத்துக்குதுன்னா அது விலக்குல வர்ற ஆளு. ஆனா அந்த ஆபீஸுக்கு அண்ணி படுத்திருக்கறது தெரியாது, யாராவது போய்ச் சொன்னாத்தான் தெரியும். அண்ணியோட டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி, இவங்களைப் பாத்துக்க ஆள் வேணும்னு எழுதச் சொல்லி, அதைக் கொண்டு போய்க் குடுத்துட்டு, குடுத்ததுக்கு ஒரு காப்பி கையில வச்சுக்கச் சொல்லுங்க.

இன்னொரு வழியும் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியறதில்ல. வாரத்துக்கு 217.50 டாலர் சம்பாதிச்சா போதும், மணிக்கணக்கே பாக்க மாட்டாங்க. எப்படி வந்துச்சுன்னா, அங்க மத்திய அரசோட கொறஞ்சபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009லேருந்து அப்படியே நிக்குது, அதை 30 மணி நேரத்தால பெருக்குனா இந்தத் தொகை. மோட்டல்ல மணிக்கு 12, 13 டாலர் குடுத்தாங்கன்னா ரெண்டு நாள் ராத்திரி டூட்டியே கிட்டத்தட்ட அங்க கொண்டு போய் விட்டுடும். சம்பளச் சீட்டைக் காட்டணும், அவ்வளவுதான். அப்புறம் சம்பளம் இல்லாத தொண்டு வேலையும் 80 மணி நேரக் கணக்குல சேரும், எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சிருக்கணும்.

கார்டை நிறுத்திட்டாங்கன்னாலும் விட்டுடக் கூடாது, 90 நாளுக்குள்ள முறையீடு பண்ணலாம், விசாரணை வைப்பாங்க. நிறுத்தற தேதிக்கு முன்னாடியே முறையீடு போட்டுட்டா தீர்ப்பு வர்ற வரைக்கும் கார்டு ஓட வாய்ப்பு உண்டு. இங்கேருந்து நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான், ராத்திரி போன் பண்ணி, வந்த கவர் எல்லாத்தையும் பிரிச்சியாண்ணான்னு கேளுங்க. வெக்கத்துல இருக்கறவங்க கவரைப் பிரிக்க மாட்டாங்க, பிரிட்ஜ் மேல அடுக்கி வச்சுருவாங்க, நான் என் கவுன்ட்டர்லயே எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்.

மகளிர் குழு உறுப்பினர், மயிலாடுதுறை: மாசம் 1000 ரூபா உரிமைத் தொகை வாங்குறவங்க நூறு நாள் வேலைக்குப் போனா தொகையை நிறுத்திடுவாங்கன்னு எங்க தெருவுல ஒரு ஆள் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, ரெண்டு பேர் பயந்துக்கிட்டு வேலைக்கே வரல.

அந்த ஆளை எங்கிட்ட அனுப்பி வைங்கம்மா. அப்படி ஒரு விதி கெடையவே கெடையாது. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி ஆரம்பிச்சப்ப வச்ச தகுதி என்னன்னா 21 வயசு ஆயிருக்கணும், குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கர் இல்ல புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, கரன்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள. கார் வச்சிருக்கவங்க, வருமான வரி கட்டறவங்க, கவர்மென்ட் உத்தியோகம் பாக்கறவங்களுக்குக் கெடையாது. வேலைக்குப் போகணும்னும் இல்ல, போகக் கூடாதுன்னும் இல்ல. பயந்தவங்க ரெண்டு பேரையும் நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க.

விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்: கோச்சுக்காதீங்க, நேரடியாவே கேக்குறேன். அரிசி ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, மாசம் 1000, இதுக்கு மேல நூறு நாள் வேலைன்னு மரத்தடியில உக்காந்துட்டு வர்றாங்க. எனக்கு 2 வேலி இருக்கு, களை எடுக்க ஆள் கெடைக்காம போன வருஷம் பாதி வயல் கோரையாப் போச்சு. அமெரிக்காக்காரனே வேலை பாத்தாத்தான் சாப்பாடுன்னு வச்சிருக்கான். இங்கயும் வேலை பாத்த சீட்டைக் காட்டுனாத்தான் ரேஷன்னு வச்சா என்ன தப்பு?

கோவமெல்லாம் இல்லண்ணே. களை எடுக்க ஆள் இல்லாம ஒரு வெள்ளாமை போறதோட வலி எனக்கும் தெரியும், எங்க வீட்டுலயும் 6 மா இருக்கு. உங்க கஷ்டம் நெசம். நீங்க சொல்ற வைத்தியம்தான் சரியான்னு பாப்போம்.

அரிசியை மொதல்ல நிறுத்துப் பாத்துருவோம், நிறுத்துக் குடுத்த கைதானே. 2011 ஜூன் 1லேருந்து நம்ம மாநிலத்துல ரேஷன் அரிசிக்குக் காசு இல்ல. சாதாரண அரிசி கார்டுக்கு அதிகபட்சமா மாசம் 20 கிலோன்னு வச்சுக்குங்க. வீட்டுல 4 பேருன்னா தலைக்கு 5 கிலோ, ஒரு நாளைக்கு 166 கிராம் சொச்சம். வயல்ல எறங்கி வேலை பாக்குற ஆளுக்கு அது ஒரு வேளைக்குப் பத்தும், இழுத்துப் புடிச்சா ஒண்ணரை வேளை. மீன், கொழம்பு, எண்ணெய், பிள்ளைங்க நோட்டுப் புஸ்தகம், மருந்து மாத்திரை இதெல்லாம் அந்த 166 கிராம்ல வராது. அதை நம்பி ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டு வீட்டுல படுத்திருப்பான்னு எனக்குத் தோணல.

அப்ப ஆள் ஏன் கெடைக்கலன்னா, வேலை நம்ம பக்கம் வருஷம் பூரா இல்ல, அதான். நடவுக்கு 10, 15 நாள், களைக்குக் கொஞ்ச நாள், அறுப்புன்னா இப்ப மெஷின் எறங்கி ஒரு மணி நேரத்துல ஏக்கரை முடிச்சுட்டுப் போயிடுது. முன்னாடி அறுப்புல கலக்கணக்குல நெல்லு சம்பாதிச்ச குடும்பம் இப்ப அந்த ஒரு மாசத்தை எழந்துடுச்சு. மீதி நாளுக்குப் பையன் திருப்பூர் போயிட்டான், பொண்ணு பைபாஸ்ல ஜவுளிக் கடையில நிக்குது. உங்களுக்கு ஆள் தேவைப்படுற அந்த 15 நாளுக்காக மீதி 350 நாள் அவங்க ஊர்லயே காத்துக்கிட்டிருக்க முடியாதில்ல. இப்ப நடவுக்கு வடக்கேருந்து, வங்காளத்துப் பசங்கல்லாம் கூட்டமா வந்து நட்டுட்டுப் போறதை நீங்களும் பாத்திருப்பீங்க.

நூறு நாள் வேலை நடவு, களை நேரத்துல வந்து இடிக்குதுங்கறதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. 2025 டிசம்பர்ல பார்லிமென்ட்ல பழைய சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் போட்டு, நாளை 125 ஆக்குனாங்க, கூடவே விதைப்பு அறுப்பு சமயத்துல வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும் அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம்னும் வச்சுட்டாங்க. விவசாயிங்க கேட்டது கெடச்சுது. கூலியில மாநிலமும் பங்கு போடணும்னு வச்சுட்டாங்க, அது தனிக் கதை. ஆனா ஒண்ணு, அந்த 60 நாள்ல பக்கத்து வயல்ல நெசமாவே வேலை இருக்கணும்ல? 2024ல மேட்டூரை ஜூன் 12ல தெறக்கவே இல்ல, தண்ணி இல்ல, ஜூலை 28தான் தெறந்தாங்க. பம்பு செட் இல்லாத ஊர்ல குறுவையே இல்ல. அந்த வருஷம் ஆனி மாசம் ஒரு நடவு ஆளுகிட்ட போயி 80 மணி நேரம் வேலை பாத்த சீட்டைக் காட்டுன்னு கேட்டா அந்தம்மா எதைக் காட்டும்? கர்நாடகாவுல மழை பெய்யலன்னு சீட்டா வாங்கிட்டு வரும்?

அமெரிக்காவுலயும் இதேதாண்ணே நடந்துச்சு. அர்கன்சாஸ்னு ஒரு மாநிலம், 2018ல ஏழைங்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு இதே 80 மணி நேர விதியைப் போட்டாங்க. மாசாமாசம் இன்டர்நெட்ல போய் நீயே பதியணும். அந்த வெப்சைட்டை ராத்திரி 9 மணிக்கு மூடிருவாங்க, காலையில 7 மணிக்குத்தான் தெறப்பாங்க, கடை மாதிரி! பகல் பூரா வேலை பாத்துட்டு வந்து வேலை பாத்தேன்னு பதியப் போனா கடை சாத்திருக்கும். சில மாசத்துலயே 18,000 பேருக்கு மேல காப்பீட்டை எழந்தாங்க. பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க பாத்தா, அந்த விதிக்குள்ள வந்தவங்கள்ல 100க்கு 95 பேருக்கு மேல ஏற்கெனவே வேலை பாத்துக்கிட்டோ இல்ல விலக்குக்குத் தகுதியோடயோதான் இருந்திருக்காங்க, வேலைக்குப் போறவங்க எண்ணிக்கை கூடவும் இல்ல. 2019 மார்ச்ல கோர்ட் அதை நிறுத்திடுச்சு. வர்ஜீனியாவுல சாப்பாட்டு கார்டுக்கு இந்த விதி திரும்ப வந்தப்ப பொருளாதாரம் படிச்சவங்க கணக்குப் பாத்தாங்க. விதிக்குள்ள வந்தவங்கள்ல கார்டு வாங்குறது பாதிக்கும் மேல, 53 சதவீதம் கொறஞ்சுது, வேலைக்குப் போறது ஏறுன மாதிரியே தெரியல.

இதை நான் எங்கயோ இருக்கற ஊர்க் கதையாச் சொல்லல. உங்க ஊர் நூறு நாள் வேலைத் தளத்துக்கு ஒரு தடவ வாங்க, காலையில ஒரு போட்டோ, 4 மணி நேரம் கழிச்சு இன்னொரு போட்டோ, 2023 ஜனவரியிலேருந்து செல்போன் ஆப்லதான் வருகைப் பதிவு. வாய்க்கால் கரையில டவர் கெடைக்காது, பணித்தளப் பொறுப்பாளர் பொண்ணு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வரப்பு மேல ஓடும். போட்டோ ஏறலன்னா அன்னைக்கு வெட்டுன மண்ணு வெட்டாத மண்ணு. மரத்தடியில உக்காந்திருக்காங்கன்னு எழுதிருக்கீங்களே, அதுல பாதிப் பேர் ரெண்டாவது போட்டோவுக்குத்தான் உக்காந்திருப்பாங்க. இத்தனையும் செஞ்சு முடிச்சும் 2024 நவம்பர் கடைசியிலேருந்து கூலி வராம, 1,056 கோடி ரூபா பாக்கி இருக்குன்னு முதலமைச்சர் 2025 ஜனவரியில பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாப் போச்சு. பொங்கலுக்குக் காசில்லாம இருந்தாங்க, வேலை பாத்தவங்க.

அதனால ரேஷனோட வேலைச் சீட்டை முடிச்சுப் போட்டா உங்களுக்குக் களை எடுக்க ஆள் வர மாட்டாங்கண்ணே, சீட்டுல கையெழுத்துப் போடச் சொல்லித்தான் உங்க வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்களும் பாவம் பாத்துப் போட்டுக் குடுத்துருவீங்க. களைக்கு என்ன கூலி குடுக்குறீங்கன்னு எழுதவே இல்லையே?

பள்ளிக்கூட ஆசிரியை, நாகப்பட்டினம்: சாப்பாட்டுக்கு மட்டும்தான் அங்க இந்தக் கண்டிஷனா? கையில பணமா குடுக்குற உதவிக்கும் உண்டா? டீச்சர்ங்க ரூம்ல பெரிய சண்டையே நடந்துச்சு.

உண்டு டீச்சர், பணத்துக்குத்தான் இன்னும் இறுக்கம். 1996 ஆகஸ்ட் 22ல கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம், பிள்ளை குட்டியோட இருக்கற ஏழைக் குடும்பத்துக்கு அதுவரைக்கும் உரிமையா கெடச்ச பணத்தை எடுத்துட்டு டான்ஃப்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. வாரம் 30 மணி நேரம் வேலையோ வேலை சம்பந்தப்பட்டதோ செய்யணும், 6 வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கற தனித்தாய்க்கு 20 மணி நேரம். மத்திய அரசுப் பணத்துல ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள்லயே மொத்தம் 5 வருஷம்தான். மாநிலங்களுக்கு வருஷம் 1,650 கோடி டாலர்னு அப்ப முடிவு பண்ணாங்க, வெலவாசி எங்கயோ போயிடுச்சு, தொகை அப்படியேதான் நிக்குது.

உங்க ரூம் சண்டையில ரெண்டு பக்கமும் கொஞ்சம் சரி. சட்டம் வந்த சில வருஷத்துல தனித்தாய்மார் வேலைக்குப் போறது நல்லாவே ஏறுச்சு, அது நெசம். அந்த நேரம் வேலையும் கொட்டிக் கெடந்துச்சு, கூலி வாங்குறவங்களுக்கு வரிச் சலுகையும் பெருசா குடுத்தாங்க, எது எவ்வளவுன்னு இன்னைக்கும் அடிச்சுக்குறாங்க. ஆனா 1996ல 100 ஏழைக் குடும்பம்னா 68க்குப் பணம் கெடச்சுது, 2020 வாக்குல வெறும் 21க்குத்தான் கெடச்சுது. மீதிப் பணம் எங்கன்னா, மாநிலம் இஷ்டத்துக்குச் செலவு பண்ணிக்கலாம். மிசிசிப்பியில அந்தப் பணத்தை எடுத்து வாலிபால் ஸ்டேடியம் கட்டுனாங்க! நம்ம ஊர்ல செஞ்சா மட்டும்தான் ஊழல்னு சொல்ற டீச்சருக்கு இதைக் காட்டுங்க.

கல்லூரி மாணவன், தஞ்சாவூர்: சார், இந்த 'வேலை செஞ்சாத்தான் சோறு'ங்கற ஐடியா எங்கேருந்து வந்துச்சு? அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதா?

இல்ல தம்பி, பழசு. இங்கிலாந்துல 1834ல ஒரு ஏழைச் சட்டம் போட்டாங்க, உதவி வேணும்னா அனாதை விடுதி மாதிரி ஒரு வேலைக்கூடத்துக்குள்ள வந்துடணும், உள்ள கெடைக்குற வாழ்க்கை வெளியில இருக்கற கடைசிக் கூலிக்காரன் வாழ்க்கையை விட மோசமாத்தான் இருக்கணும். அப்பதான் நெசமாவே கதியத்தவன் மட்டும் வருவான்ங்கறது அவங்க கணக்கு.

அதோட பெரிய பரீட்சையே நம்ம மண்ணுலதான் நடந்துச்சு. தாது வருஷப் பஞ்சம், 1876லேருந்து 78 வரைக்கும், உங்க பாட்டிக்குப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் காவிரி இருந்ததால தப்பிச்சுது, சேலம், பெல்லாரி, கடப்பைப் பக்கமெல்லாம் கொத்துக் கொத்தா செத்தாங்க. ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு அதிகாரியை 1877ல அனுப்பி வச்சாங்க. இந்த ஆள் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி பீகார்ல பஞ்சம் வந்தப்ப பர்மாவுலேருந்து அரிசி எறக்கித் தாராளமா குடுத்து, சாவே ரொம்ப கம்மியா ஆக்கிக் காட்டுனவர். அதுக்கு அவருக்குக் கெடச்சது திட்டுதான், காசை வாரி எறச்சுட்டான்னு. அந்த வடு மனசுல இருந்ததாலயோ என்னமோ, சென்னை மாகாணத்துக்கு வந்ததும் கையை இறுக்கிட்டார். பஞ்ச நிவாரண வேலையில நாள் பூரா மண்ணு வெட்டுற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்ல. வேலைத் தளமும் வீட்டுலேருந்து 10 மைலுக்கு அந்தாண்ட இருக்கணும், நடந்து வர்றவன்தான் நெசமான பசிக்காரன்னு ஒரு தூரப் பரீட்சை. நடக்கத் தெம்பு இல்லாதவன்தான் ரொம்பப் பசியில இருக்கான்ங்கறது அவங்களுக்குத் தோணவே இல்ல பாரு. கார்னிஷ்னு ஒரு டாக்டர், சென்னை மாகாண சுகாதார கமிஷனர், இந்தக் கூலியில ஆள் பொழைக்க மாட்டான்னு விடாம எழுதி எழுதிச் சண்டை போட்டார், சில மாசத்துல கூலியை ஏத்த வேண்டியதாச்சு. மெட்ராஸ்ல பக்கிங்காம் கால்வாயோட ஒரு பகுதி, அடையாறையும் கூவத்தையும் இணைக்குற துண்டு, அந்தப் பஞ்சத்துல வந்த சனங்க வெட்டுனதுதான். அடுத்த தடவ ரயில்ல போறப்ப சாக்கடைன்னு மூக்கைப் பொத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எட்டிப் பாரு.

பின்னாடி 1880ல ஒரு பஞ்சக் கமிஷன் உக்காந்து விதிப் புஸ்தகம் எழுதுனப்பவும் ஒடம்பு வளையறவனுக்கு வேலை, முடியாதவனுக்குத்தான் சும்மா கஞ்சின்னு பிரிச்சாங்க. நீ அமெரிக்கச் சட்டத்தைப் படிச்சா அந்தப் பிரிவு அப்படியே கண்ணுல படும்.

உங்க ஊர்லயே இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு தம்பி. ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரம் பாத்திருக்கியா, இடிஞ்சு கெடக்குன்னு உள்ள போகாம வந்துடாத. சரபோஜி மன்னர் 1801ல வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கடிதம் எழுதுனார், சத்திரத்து மானியத்துல கையை வச்சுடாதீங்கன்னு. அதுல எல்லாச் சாதிக்காரங்களுக்கும் சோறு உண்டு, நோவுல விழுந்தவங்களுக்கு வைத்தியம் உண்டு, தேறுற வரைக்கும் பாத்துக்குவோம்னு வரிசையாச் சொல்லிருக்கார். வர்றவன் என்ன வேலை பாத்தான்னு கேட்டதா ஒரு வரி இல்ல. ராஜா வீட்டுக் காசு, அதனால தாராளம்னு சொல்லலாம், குடியானவன் கட்டுன வரிதானே அதுன்னும் சொல்லலாம். அதே தஞ்சாவூர்லதான் பண்ணையாள் காலையில வயல்ல எறங்கலேன்னா அன்னைக்குக் கஞ்சி கெடையாது, 1952ல சட்டம் போட்டுத்தான் அந்தாளை நெனச்சப்ப வெளிய தள்ளக் கூடாதுன்னு கொண்டு வர முடிஞ்சுது. ரெண்டும் ஒரே மண்ணு, அதையும் சேத்தே எழுது.

72 வயது அம்மாவின் மகன், வேதாரண்யம்: அம்மாவுக்கு உப்பளத்துல வேலை பாத்துப் பாத்து கைரேகை தேஞ்சு போச்சு. ரேஷன் கடையில மெஷின் எடுக்க மாட்டேங்குது, போன மாசம் ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. நான் வெளியூர்ல வேலை பாக்குறேன்.

வேலை பாத்ததுக்கு இதை விட என்ன சீட்டு வேணும் இவங்களுக்கு. சரி, இப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

கார்டுல பேர் இருக்கற வேற யார் வேணா ரேகை வைக்கலாம், அம்மாவேதான் வரணும்னு இல்ல. ரேகை விழலன்னா கண்ணு கருவிழி பாக்குற மெஷின் உங்க கடையில இருக்கான்னு கேளுங்க. அம்மா ஒத்த ஆளுன்னா, கடைக்கு வர முடியாதவங்க தனக்குப் பதிலா இன்னொருத்தரை அனுப்பறதுக்கு ஒரு படிவம் இருக்கு. நம்பிக்கையான பக்கத்து வீட்டு ஆளோட விவரத்தை எழுதி அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வச்சுக் கடையிலயோ தாலுகா ஆபீஸ்ல வட்ட வழங்கல் அலுவலர்கிட்டயோ குடுக்கணும். அதுக்கு மேல, 2025 ஆகஸ்ட் 12லேருந்து தாயுமானவர் திட்டம்னு வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சாமான் கொண்டு வந்து குடுக்குறாங்க, ஆரம்பிச்சப்ப வச்ச வயசு 70, அம்மாவுக்கு 72 ஆச்சே. பட்டியல்ல பேர் இருக்கான்னு கடைக்காரர்கிட்டயே கேளுங்க.

ஒரு கடைக்காரன் ரகசியமும் சொல்றேன். காலையில மொத ஆளா போகச் சொல்லுங்க, போறதுக்கு முன்னாடி கையை வெதுவெதுப்பான தண்ணியில நல்லாக் கழுவி, தேங்காண்ணெய் ஒரு சொட்டு தேச்சுத் துடைச்சுட்டு, கட்டை வெரலுக்குப் பதிலா மோதிர வெரலை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. உப்பு மோதிர வெரலை அவ்வளவா அரிச்சிருக்காது. பாதித் தடவ விழும். திருப்பி அனுப்புனதை அந்தத் தேதி போட்டு எழுதி வச்சுக்குங்க, புகார் சொல்றதா இருந்தா அது வேணும்.

தொடர்ந்து படிக்கிற ஒருத்தர், குடவாசல்: போன இதழ்ல நூறு நாள் கூலி 319னு போட்டிருந்தீங்க. அதை நம்பி பிடிஓ ஆபீஸ்ல பேசி மூக்குடைபட்டேன்.

மன்னிச்சுக்குங்க, தப்பு என்னோடதுதான். 319ங்கறது 2024-25 கணக்கு, 2025-26க்கு நம்ம மாநிலத்துக்கு 336 ரூபா. அதுவும் வெட்டுன மண்ணை அளந்துதான் போடுவாங்க, அளவு கொறஞ்சா கூலியும் கொறையும், அதனால உங்க ஊர்ல கூலி முழுசா ஏறலன்னா அளவுப் புஸ்தகத்துல என்ன எழுதிருக்குன்னு கேளுங்க. இந்த தடவ குடவாசல் ஆபீஸுக்குப் போறப்ப என் பேரைச் சொல்லாதீங்க.